புதிய நோயை எடைபோடுதல்: வரலாறு தரும் பாடங்கள்

 

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூன்றாம் வாரத்தில் ஓர் இரவு, இஷா தொழுகைக்குப் பின் நம் பள்ளிவாசலில் நிர்வாகக் குழு கூடியது. வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நடத்துவதா, நிறுத்துவதா என்பதே பேச வேண்டிய பொருள். பெரியவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், ஒரு காய்ச்சலுக்குப் பயந்து அல்லாஹ்வின் வீட்டைப் பூட்டுவதா? வாந்திபேதி வந்த காலத்திலும் நம் முன்னோர் பாங்கு சொல்லித் தொழுதவர்கள்தானே?" என்று கேட்டார். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த இளைஞர் ஒருவர், "சவூதியிலேயே பள்ளிவாசல்களில் ஜமாஅத்தை நிறுத்திவிட்டார்கள், நாம் எம்மாத்திரம்?" என்றார். இருவரும் பேசி முடித்து நம் முகத்தைப் பார்த்தனர்.

நாம் உடனே விடை கூறவில்லை. விடை நமக்குத் தெரியவில்லை என்பதே உண்மை. நாம் முடிவெடுப்பதற்குள் அரசின் உத்தரவு வந்தது. மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடையுத்தரவும், 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தன. 27ஆம் தேதி வெள்ளியன்று மக்கள் தம் இல்லங்களில் லுஹர் தொழுதனர்.

உத்தரவு வந்ததால் அன்றைய சிக்கல் தீர்ந்தது. பெரியவரின் கேள்வி தீரவில்லை. புதிதாக ஒரு நோய் தோன்றும்போது அதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது? எதை வைத்து அளப்பது? மீண்டும் ஒரு நாள் இக்கேள்வி நம் வாசலுக்கு வரும். அன்று உத்தரவுக்காகக் காத்திராமல் நாமே சிந்திக்க வேண்டியிருக்கும். அதற்காகவே வரலாற்றின் சில பக்கங்களை இங்கே புரட்டுகிறோம்.

ஸர்கில் நடந்த ஆலோசனை

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டை (கி.பி. 639) ஒட்டிப் பாலஸ்தீனத்தின் அம்வாஸ் என்னும் ஊரில் கொள்ளை நோய் தோன்றி ஷாம் நாடெங்கும் பரவியது. அவ்வேளையில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து ஷாமை நோக்கிப் பயணம் செய்துகொண்டிருந்தார்கள். எல்லையில் உள்ள ஸர்க் என்னுமிடத்தில் படைத்தளபதி அபூஉபைதா (ரலி) அவர்கள் எதிர்கொண்டு வந்து நோய்ச் செய்தியைக் கூறினார்கள்.

உமர் (ரலி) அவர்கள் தம் கருத்தை முதலில் சொல்லிவிடவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அவர்களிடையே இரு கருத்து. அன்ஸார்களை அழைத்தார்கள்; அங்கும் இரு கருத்து. பிறகு குறைஷியரில் முதியவர்களை அழைத்தார்கள். அவர்கள் ஒருமித்த குரலில் திரும்பிச் செல்வதே நலம் என்றனர். அவ்வாறே முடிவாயிற்று. இறைவிதியிலிருந்து ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஓர் இறைவிதியிலிருந்து மற்றோர் இறைவிதியின்பால் செல்கிறோம் என்ற கருத்தில் கலீஃபா விடையளித்தார்கள். செழித்த சரிவும் வறண்ட சரிவும் உள்ள ஒரு பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எப்பக்கம் மேய்த்தாலும் அது விதிதான் என்று உவமையும் கூறினார்கள். அதன் பின்னரே அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோய் பரவிய ஊருக்குள் செல்லவும் அவ்வூரிலிருந்து தப்பி ஓடவும் வேண்டாம் என்ற நபிகளாரின் (ஸல்) வழிகாட்டலை எடுத்துரைத்தார்கள்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது வரிசை. கருத்து வேறுபாடு இருந்தது. அதை எவரும் ஈமானின் குறைவாகப் பேசவில்லை. உறுதியான ஆதாரம் கைக்கு வருமுன்பே, இருப்பதைக் கொண்டு திரும்புவதென முடிவு செய்யப்பட்டது. ஆதாரம் பின்னர் வந்து அம்முடிவை உறுதிப்படுத்திற்று.

ஷாமில் தங்கியவர்களின் நிலை என்ன? அபூஉபைதா (ரலி), முஆத் இப்னு ஜபல் (ரலி), ஷுரஹ்பீல் (ரலி), யஸீத் இப்னு அபீஸுஃப்யான் (ரலி) ஆகியோர் அந்நோயில் இறையடி சேர்ந்தனர். மாண்டோர் 25,000 பேர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அடுத்துப் பொறுப்பேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், இந்நோய் நெருப்பைப் போன்றது எனக் கருதி, மக்களை மலைகளுக்குச் சென்று பிரிந்து வாழச் சொன்னார்கள். அங்கிருந்தோரில் சிலர் அதை மறுத்தும் பேசினர். ஆனால் செய்தியறிந்த உமர் (ரலி) அவர்கள் அதனை வெறுக்கவில்லை. நெருப்புக்கு விறகு கிடைக்காவிட்டால் அது அணையும் என்பது எளிய அறிவு.

மதுரையிலும் கெய்ரோவிலும்

நம் ஊருக்கு அருகில் உள்ள மதுரையையே எடுத்துக்கொள்வோம். 1340களின் முற்பகுதியில் உலகப் பயணி இப்னு பதூதா மதுரை சுல்தான் கியாஸுத்தீனின் நாட்டில் தங்கியிருந்தார். மதுரை நகருக்குள் அவர் நுழைந்தபோது அங்கே ஒரு கொள்ளை நோய் தாண்டவமாடியது. நோய் கண்டவர் மறுநாளோ அதற்கடுத்த நாளோ மாண்டனர் என்றும், வெளியே சென்றால் நோயாளியையும் பிணத்தையும் தவிர வேறு எதையும் காண முடியவில்லை என்றும் அவர் எழுதி வைத்துள்ளார். சுல்தானின் தாய், மனைவி, மகன் ஆகியோர் மாண்டனர். பின்னர் சுல்தானும் மாண்டார். இப்னு பதூதாவையும் கடுங்காய்ச்சல் பற்றியது. புளியைக் கரைத்துக் குடித்துக் குணமடைந்ததாகக் கூறும் அவர், அந்நகரில் இருக்க மனமின்றி விடைபெற்றுச் சென்றார். அது எந்த நோய் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை.

அதே இப்னு பதூதா 1348இல் டமாஸ்கஸில் இருந்தார். கருஞ்சாவு என்று உலகம் அழைக்கும் பிளேக் அங்கே பரவியிருந்தது. மூன்று நாள் நோன்பிருந்து முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாகத் திரண்டு நகருக்கு வெளியே சென்று அழுது பிரார்த்தித்ததையும், அதன் பின் நோய் தணிந்ததாகத் தாம் கண்டதையும் உள்ளம் உருக எழுதினார்.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 833இல் (கி.பி. 1430) கெய்ரோவில் அதேபோல மக்கள் நோன்பிருந்து பாலைவெளியில் திரண்டனர். அதைக் கண்டு குறித்து வைத்தவர், ஸஹீஹுல் புகாரிக்கு ஃபத்ஹுல் பாரீ என்னும் விரிவுரை தந்த இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) அவர்கள். திரள்வதற்கு முன் அந்நகரில் நாளொன்றுக்கு மாண்டோர் நாற்பதுக்கும் குறைவு. திரண்ட பின் அம்மாதம் முடிவதற்குள் அது ஆயிரத்தைத் தாண்டியது என்று அவர்கள் எழுதினார்கள். கொள்ளை நோய் பற்றித் தனியே ஒரு நூல் எழுதிய அப்பெருமகனார், தம் பெண்மக்கள் மூவரை அந்நோய்க்குப் பறிகொடுத்தவர். நோயின் காரணம் குறித்து அவர்கள் கொண்ட கருத்து அக்கால அறிவுக்கு உட்பட்டது. எனினும் தாம் எண்ணியதை மறைக்காமல் பதிவு செய்து, இத்தகைய பெருந்திரளுக்கு முன்மாதிரி இல்லை என்று துணிந்து எழுதினார்கள்.

ஸ்பெயினின் கிரானடாவில் அதே கருஞ்சாவைக் கண்ட அறிஞர் இப்னுல் கதீப் இன்னும் ஒரு படி மேலே சென்றார். நோயாளியுடன் பழகியவருக்கு நோய் வருவதும், விலகியிருந்தவர் தப்புவதும் கண்ணால் கண்டும் பலமுறை அனுபவித்தும் அறிந்த உண்மை என்று அவர் வாதிட்டார். தொற்று இல்லை என்ற நபிமொழியையும், தொழுநோயாளியிடமிருந்து விலகச் சொல்லும் நபிமொழியையும் இணைத்து விளக்கிய அறிஞர் பலர், நோய்க்குத் தானாக ஆற்றல் இல்லை, அது படைத்தவனின் நாட்டப்படி காரணங்களின் வழியே வருகிறது, எனவே காரணங்களைத் தவிர்ப்பது கடமை என்றனர்.

மண்டபம் கேம்ப்பும் விஷக்காய்ச்சலும்

நம் செட்டிநாட்டு மக்களுக்குக் கடல் கடந்த வாழ்வு புதிதன்று. நகரத்தார் பெருமக்களும் நம் ஜமாஅத்தின் முன்னோர்களும் கொழும்பு, இரங்கூன், பினாங்கு எனப் பொருள் தேடிச் சென்றனர். பொருளுடன் நோயும் அவ்வழியே போய்வந்தது. 1914இல் கொழும்பில் முதன்முறையாக பிளேக் தோன்றிற்று. அதே ஆண்டில்தான் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி வழியே இலங்கைக்கு ரயிலும் கப்பலும் இணைந்தன. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே கடல் தாண்டினர். செங்கடலில் கமரான் தீவில் ஹாஜிகளின் கப்பல்கள் நிறுத்தப்பட்டதும் இதே நோக்கத்தில்தான். ஆகவே, தடுத்து வைத்தல் என்பது 2020இல் திடீரென முளைத்த புதுமையன்று. நம் பாட்டனார்கள் முணுமுணுத்துக்கொண்டே அதைக் கடந்து சென்றவர்கள்.

ஆயினும் 1918ஆம் ஆண்டின் இன்ஃப்ளுவென்சாவை, மக்கள் விஷக்காய்ச்சல் என்றழைத்த அந்நோயை, எவரும் முன்கூட்டியே எடைபோடவில்லை. அவ்வாண்டு ஜூன் 10 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் காவல் பணியிலிருந்த போலீஸ் சிப்பாய்கள் ஏழு பேர் காய்ச்சலுடன் மருத்துவமனை சென்றனர். அடுத்த சில வாரங்களில் நகரமெங்கும் காய்ச்சல். மூன்று, நான்கு நாட்கள் படுத்து எழுந்தனர்; மாண்டவர் குறைவு. ஜூலை இறுதியில் நோய் தணிந்தது. போயிற்று என்றே அனைவரும் எண்ணினர்.

செப்டம்பரில் அது திரும்பியது. இம்முறை அதன் முகம் வேறு. முதியவரையும் குழந்தையையும் விட, இருபது முதல் நாற்பது வயது வரையுள்ள உழைப்பாளிகளை அது மிகுதியாக வீழ்த்தியது. மருத்துவர்களில் பலர் முதல் உலகப் போருக்குச் சென்றிருந்தனர். பருவமழை பொய்த்து உணவும் அரிதாகியிருந்தது. மூன்று, நான்கு மாதங்களில் இந்தியாவில் மாண்டோர் ஒரு கோடியே 20 லட்சத்திலிருந்து இரண்டு கோடி வரை என மதிப்பிடுகின்றனர். சென்னை மாகாணத்தின் இழப்பு பம்பாய், மத்திய மாகாணங்களை விடக் குறைவு என்பது ஓர் ஆறுதலே. 1911 முதல் 1921 வரையிலான பத்தாண்டில் இந்திய மக்கள்தொகை குறைந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரலாற்றில் அப்படிக் குறைந்த பத்தாண்டு அது ஒன்றே.

அதே 1918 நவம்பரில் பசிபிக் கடலின் இரு அண்டைத் தீவுப் பகுதிகளின் கதையும் நமக்குப் பாடம். நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து தாலூன் என்ற கப்பல் மேற்கு சமோவாவுக்கு வந்தது. நோயாளிகள் கப்பலில் இருந்தும் அவர்களைக் கரையிறங்க விட்டனர். சில வாரங்களில் ஏறத்தாழ 8,500 பேர், மக்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல், மாண்டனர். அமெரிக்கர் வசமிருந்த கிழக்கு சமோவாவின் ஆளுநர் ஜான் போயர் கப்பல்களைத் தடுத்தார். அங்கே அந்நோயால் மாண்டவர் ஒருவருமில்லை. ஓர் அதிகாரி செய்திகளைக் கவனித்தார்; மற்றவர் கவனிக்கவில்லை. வேற்றுமை அவ்வளவே.

அச்சம் செய்த கேடு

இதுவரை கூறியதைக் கேட்டு, எந்த நோய்ச் செய்தி வந்தாலும் கதவடைப்பதே அறிவு என்று எண்ணிவிட வேண்டாம். மறுபக்கமும் வரலாறு உண்டு.

1897இல் புனாவில் பிளேக் பரவியபோது, பிப்ரவரியில் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டத்தின் துணையுடன் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதித்தனர். பெண்களின் மானம் மதிக்கப்படவில்லை. உடைமைகள் எரிக்கப்பட்டன. விளைவு என்ன? மக்கள் நோயாளிகளை மறைத்தனர். நோய் மறைவில் வளர்ந்தது. ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அடக்குமுறையால் நோயைக் காணவும் முடியவில்லை, அமைதியைக் காக்கவும் முடியவில்லை.

1994 செப்டம்பரில் குஜராத்தின் சூரத் நகரில் நுரையீரல் பிளேக் என்ற செய்தி பரவியது. சில நாட்களில் லட்சக்கணக்கானோர் ரயிலேறி ஓடினர். மருந்து கொடுக்க வேண்டிய மருத்துவர்களில் பலரும் ஓடினர். டெட்ராசைக்ளின் மாத்திரை கடைகளில் தீர்ந்தது. வெளிநாடுகள் விமானங்களை நிறுத்தின, ஏற்றுமதி முடங்கியது. இறுதியில் நாடு முழுவதும் மாண்டோர் ஏறத்தாழ 55 பேர். அந்நோய்க்கு மலிவான மருந்து இருந்தது. ஓடியவர்களில் எவரேனும் நோயைச் சுமந்து சென்றிருந்தால், ஊரைவிட்டு ஓடாதீர் என்ற நபிமொழியின் பொருளைப் பல ஊர்கள் கண்ணீருடன் கற்றிருக்கும். சூரத்துக்குக் கிடைத்த நன்மை பின்னர் வந்தது. அடுத்த ஆண்டு மாநகராட்சி ஆணையராக வந்த எஸ்.ஆர். ராவ் குப்பையை அகற்றி நகரைத் துப்புரவாக்கினார்.

2020 ஊரடங்கிலும் இந்தப் பக்கத்தைக் கண்டோம். நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு மூடப்பட்டதால், புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தனர். நம் வட்டாரத்தில் கட்டட வேலையும் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளும் நின்று, அன்றாடக் கூலியில் வாழ்ந்தோர் அடுப்பெரிக்க வழியின்றித் தவித்தனர். அதே நாட்களில் ஒரு சமுதாயமே நோயைப் பரப்பியது என்ற பழி நம் மீது சுமத்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, தப்லீக் மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்துச் செய்தது. கருஞ்சாவின்போது ஐரோப்பாவில் யூதர்கள் கிணற்றில் நஞ்சிட்டதாகப் பழிக்கப்பட்டுக் கொல்லப்பட்டதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். பழிக்கு அஞ்சுபவன் பரிசோதனைக்கு வரமாட்டான். ஆகவே பழி சுமத்துவது அநீதி மட்டுமன்று, நோய்க்குச் செய்யும் உதவியுமாகும்.

எடைபோடும் ஐந்து கேள்விகள்

அலட்சியமும் அழிவு, அச்சமும் அழிவு. இரண்டுக்கும் நடுவே நிற்க, ஐந்து கேள்விகளை ஜமாஅத்தார் முன் வைக்கிறோம்.

முதலாவது, நோய் எப்போது பரவுகிறது? 2003இல் சார்ஸ் என்ற நோய் உலகை அச்சுறுத்தியது. 8,098 பேருக்கு வந்து 774 பேரைக் கொன்று, சில மாதங்களில் அடங்கிவிட்டது. காய்ச்சல் முற்றிய பின்னரே நோயாளி மற்றவருக்கு மிகுதியாகப் பரப்பினார் என்பதால் அவரைக் கண்டறிந்து பிரித்து வைக்க முடிந்தது. கொரோனாவோ அறிகுறி தெரியுமுன்பே, நலமாக நடமாடுபவரிடமிருந்தே பரவியது. இவ்வொரு வேற்றுமைதான் ஒன்றை ஓராண்டுச் செய்தியாகவும் மற்றொன்றை உலகப் பேரிடராகவும் ஆக்கியது.

இரண்டாவது, எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது? சதுரங்கக் கட்டங்களில் கோதுமை மணிகளை ஒன்று, இரண்டு, நான்கு என இரட்டித்து வைத்த கதையை வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் பதிவு செய்துள்ளார். மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும் நோய், ஒருவரிடம் தொடங்கினால் முப்பது நாளில் ஆயிரம் பேரைத் தாண்டும். "நம் மாவட்டத்தில் இரண்டு பேருக்குத்தானே" என்ற சொல்லில் உள்ள ஏமாற்றம் இதுதான். இன்றைய எண்ணிக்கையைப் பார்ப்பவர், சென்ற வார எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, நோயுற்றோரில் எத்தனை பேர் மாள்கின்றனர்? இக்கணக்கில் தொடக்க நாட்களில் இரு வகைப் பிழை நேரும். 2009இல் பன்றிக் காய்ச்சல் மெக்சிகோவில் தோன்றியபோது, மருத்துவமனைக்கு வந்த கடும் நோயாளிகளே கணக்கில் வந்தனர். லேசாக வந்து போனவர்கள் எண்ணப்படவில்லை. ஆகவே நோய் உள்ளதைவிடக் கொடியதாகத் தோன்றியது. சார்ஸில் நேர்மாறு. நூற்றுக்கு நான்கு என்று முதலில் மதிப்பிட்டனர். படுக்கையில் இருந்தோர் நிலை தெரிந்தபின் அது பத்தை நெருங்கியது. இறப்பு விகிதம் மட்டுமே அளவுகோலும் ஆகாது. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா நோய் தோன்றி, தாக்குண்டோரில் மிகப் பெரும்பாலோரை, 17 பேரை, பலி கொண்டது. அவர்களுள் நோயாளிக்குப் பணிவிடை செய்த செவிலியரும் ஒருவர். இவ்வளவு கொடிய நோயாயினும் மருத்துவர்கள் விரைந்து கண்டறிந்ததாலும், அது எளிதில் பரவாததாலும் அடக்கப்பட்டது. நூற்றுக்கு ஒருவரை மட்டுமே கொல்லும் நோய், ஒரு லட்சம் பேர் வாழும் நம் காரைக்குடி போன்ற ஊரில் பாதிப்பேரைத் தொற்றினால் 500 ஜனாஸாக்கள். லேசான நோய் என்ற சொல் அந்த 500 வீடுகளுக்குப் பொருந்துமா?

நான்காவது, செய்தியைச் சொல்பவர் யார்? இதில் நமக்கு ஒரு பெரும் மரபு உண்டு. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியைக் கேட்டதும், சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் நினைவாற்றல் உடையவரா, நேர்மையாளரா என்று சங்கிலித்தொடரை ஆராய்ந்தனர். தொடர் அறுந்தால் செய்தியை ஒதுக்கினர். பாவியொருவர் கொண்டுவரும் செய்தியைத் தெளிவுபடுத்திக் கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் கற்பிக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் "ஒரு பெரிய டாக்டர் சொன்னார்" என்ற செய்திக்கு இஸ்னாத் எங்கே? வெந்நீர் குடித்தால் கிருமி சாகும் என்பதற்கும், தடுப்பூசி போட்டால் பிள்ளைப்பேறு இருக்காது என்பதற்கும் அறிவிப்பாளர் யார்? இதைக் கேட்கப் பழகினால் பாதி அச்சமும் பாதி அலட்சியமும் நம்மை விட்டு நீங்கும். சங்கிலி உறுதியான செய்திகளும் அந்நாட்களில் நம்மிடம் இருந்தன. 2020 ஜனவரி 30 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவித்தது. அதே நாளில் கேரளத்தின் திருச்சூரில் இந்தியாவின் முதல் நோயாளி உறுதி செய்யப்பட்டார். பிப்ரவரி 27 அன்று வெளிநாட்டினர் உம்ராவுக்கு வருவதை சவூதி அரசு நிறுத்தியது. இம்மூன்றையும் சேர்த்துப் படித்திருந்தால், மார்ச் மாத இரவில் நாம் அவ்வளவு திகைத்திருக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது, நாம் தவறிழைத்தால் அதைத் திருத்த முடியுமா? எல்லாவற்றையும் அறிந்தபின் முடிவெடுக்கப் புதிய நோய் அவகாசம் தராது. ஆகவே இரு பக்கத் தவறுகளையும் தராசில் வைக்க வேண்டும். தேவையின்றி ஒரு ஜும்ஆவை நிறுத்திவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அன்று வீட்டில் லுஹர் தொழலாம். அடுத்த வெள்ளி மீண்டும் கூடலாம். கடும் மழை நாளில் மக்கள் தம் இருப்பிடங்களிலேயே தொழுமாறு பாங்குடன் அறிவிக்க நபிவழியில் அனுமதி உண்டு. தேவையிருந்தும் நிறுத்தாமல் கூடி நோய் பரவினால், மாண்டவரைத் திருப்பிக் கொண்டுவர எந்தக் களாவும் இல்லை. திருத்தக்கூடிய தவறின் பக்கம் முதலில் சாய்வதும், செய்தி தெளியத் தெளிய முடிவை மாற்றிக்கொள்வதுமே அறிவுடைமை. அதேவேளையில், கதவை மூடும் நாளிலேயே கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு அரிசி போகும் வழியையும் எழுதி வைக்க வேண்டும். இல்லையேல் நமது எச்சரிக்கைக்கு ஏழை விலை கொடுப்பான்.

நாம் மறந்த பாடம்

இவ்வளவும் எழுதும் நாம், ஒன்றை மறைத்துவிட்டால் அமானிதத்திற்கு மாறு செய்தவராவோம். 2020இன் இறுதியில் நோய் தணிந்தது. 2021 ஜனவரி, பிப்ரவரியில் ஒத்திவைத்த நிக்காஹ்கள் அடுத்தடுத்து நடந்தன. வலீமா விருந்துகளில் மக்கள் நெருக்கியடித்து அமர்ந்தனர். நாமும் குத்பா ஓதி, துஆச் செய்து, விருந்துண்டோம். முகக்கவசத்தை ஜுப்பாப் பைக்குள் வைத்திருந்தோம். 1918 ஜூலையில் பம்பாய் மக்கள் எண்ணியதையே நாமும் எண்ணினோம்.

ஏப்ரலில் அது திரும்பியது. மே 21 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் உறுதியானது. பிப்ரவரியில் எந்த வீட்டு மணமேடையில் நாம் அமர்ந்தோமோ, மே மாதத்தில் அத்தகைய வீடுகளின் ஜனாஸாக்களை மையவாடியில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை வைத்துத் தொழுவித்தோம். குளிப்பாட்ட இயலாத மையித்துகளும் இருந்தன. தமிழகத்தில் அரசுக் கணக்கில் இந்நோயால் இறந்தோர் 38 ஆயிரத்தைத் தாண்டுவர். இந்திய அளவில் அரசுக் கணக்கு ஐந்து லட்சத்துக்கு மேல். 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் மிகுதியாக நேர்ந்த இறப்புகள் 47 லட்சம் வரை என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இந்திய அரசு அம்மதிப்பீட்டை ஏற்கவில்லை. கணக்கு எதுவாயினும் மையவாடியின் புதிய மண்மேடுகள் நம் கண்முன்னே இருந்தன.

அவ்விரவில் வினா எழுப்பிய பெரியவரும் அந்த மே மாதத்தில் பல நாட்கள் ஆக்சிஜனில் கிடந்து, அல்லாஹ்வின் அருளால் மீண்டார். முன்வரிசையில் நின்று தொழுதவர் இன்று நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். சென்ற ரமளானில் நம்மிடம், "ஹஜ்ரத், அன்றைக்கு நான் கேட்டது தப்பா?" என்று வினவினார். "கேட்டது தப்பில்லை பாவா; ஸர்கில் அபூஉபைதா (ரலி) அவர்களே கேட்ட கேள்விதான். விடை தேடாமல் விட்டது நம் தப்பு" என்றோம்.

ஆகவே ஜமாஅத்தார்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. நம் மஹல்லாவில் உள்ள மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்துக்கடை நடத்துவோர் ஆகியோரில் நால்வரை இப்போதே அடையாளம் கண்டு வைப்போம். புதிய நோய்ச் செய்தி வரும் நாளில், மிம்பரில் ஏறுமுன் இமாம் அவர்களை அழைத்துக் கேட்கட்டும். அவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தாலும் கேட்கட்டும். மூடுவதென்றால் எதுவரை, எந்த நாளில் மீண்டும் கூடிப் பேசுவது என்பதையும் அன்றே முடிவு செய்வோம். தணிந்துவிட்டது என்று தோன்றும் நாளில் 1918ஐயும் 2021ஐயும் ஒருமுறை நினைத்துப் பார்ப்போம்.

கொள்ளை நோயில் மாண்டோருக்கு ஷஹீதின் நற்கூலி உண்டு என்ற நன்மாராயத்தைப் பெற்ற சமுதாயம் நாம். அந்நன்மாராயம் மாண்டவர்களின் குடும்பங்களுக்கு ஆறுதல்; இருப்பவர்கள் அலட்சியமாக இருக்க அது சான்றாகாது. நம்மை விட்டுப் பிரிந்த அனைவருக்கும் வல்ல ரஹ்மான் மறுமையில் உயர்ந்த பதவியை வழங்குவானாக. இருப்போருக்கு நற்சுகத்தையும் நிதானமான அறிவையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.